நோவு ஒருத்தருக்கு, சீட்டு ஒருத்தருக்கு

பூக்கடையில் உட்கார்ந்திருப்பவளுக்கு ஊரெல்லாம் விசேஷம் நடக்கிற மாதிரி இருக்கும். டாக்டரிடம் சீட்டு எழுதுகிற எனக்கு ஊரெல்லாம் இருமுகிற மாதிரி இருக்கும்.

நீங்களும் எங்கள் பெஞ்சில் என்றைக்காவது உட்கார்ந்திருப்பீர்கள். இல்லையென்றால் உங்கள் ஊர் டாக்டரிடம் இதே மாதிரி ஒரு பெஞ்சு இருக்கும். பக்கத்தில் இருக்கிறவர் இருமினதும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பி, திருப்பினது தெரியக் கூடாதென்று சுவரில் தொங்குகிற காலண்டரைப் படித்திருப்பீர்கள். அந்தக் காலண்டருக்குக் கீழே குனிந்து எழுதிக்கொண்டிருப்பது நான்தான். இதில் வருகிறவர்கள் பேரையெல்லாம் மறைத்தோ மாற்றியோதான் எழுதுகிறேன். மாற்றினாலும் எங்கள் ஊர்க்காரர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள், அது வேறு விஷயம்.

ஒரு மாசம்

பழனிசெட்டிபட்டியில் எங்கள் டாக்டர் இருபது வருஷத்துக்கு மேலாகப் பார்க்கிறார். காய்ச்சல், சளி, வயிற்றுப்போக்கு, காதுவலி, சொறி சிரங்கு என்று வீட்டுக்கு வீடு வருகிற நோய்க்கெல்லாம் அவர்தான். நான் படித்தது ஏழாம் வகுப்பு வரைக்கும். ஆனால் கையெழுத்து நன்றாக இருக்கும். அங்கே நர்ஸாக இருக்கும் செல்வி அக்கா எங்கள் தெரு. அவர்தான் என்னைக் கூட்டிப்போனார். டாக்டர் ஒரு தாளைக் கொடுத்து எழுதிக் காட்டச் சொன்னார். பார்த்துவிட்டு, "மருந்துக்கடைக்காரரு இந்த எழுத்தைப் பாத்தா கண்ணுல ஒத்திக்கிருவாரு" என்று அன்றைக்கே உட்காரவைத்துவிட்டார்.

வருகிறவர்களிடம் பேர், வயது, ஊர், பார்க்கிற வேலை, என்ன தொந்தரவு என்று கேட்டுச் சீட்டில் எழுத வேண்டும். பிறகு அதையே ஒரு பெரிய நோட்டில் ஏற்ற வேண்டும். குழந்தைகளுக்கு எது வருகிறது, வயசானவர்களுக்கு எது, ஆண்களுக்கு எது, பெண்களுக்கு எது, ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகிறவர்களுக்கு எது, மில்லுக்குப் போகிறவர்களுக்கு எது என்று ஒரு வருஷம் எழுதிப் பார்க்க வேண்டும் என்பது டாக்டருடைய ஆசை. "மருந்துக் கம்பெனிக்காரக எந்த ஊரு கணக்கையோ கொண்டாந்து காட்டுறாக. நம்ம ஊருக்கு நம்மளே எழுதிப் பாப்போம்" என்பார். சீட்டு உள்ளே போனதும் செல்வி அக்கா கதவைத் திறந்து, பேரையும் தொந்தரவையும் சேர்த்துக் கூப்பிடுவார். அக்காவுக்குப் பஸ் ஸ்டாண்டு மைக் மாதிரி குரல். "பேச்சியம்மா, வயித்தால போகுது, உள்ள வாங்க." இதுதான் அங்கே பல வருஷமாக வழக்கம்.

எழுதுவது எனக்குக் கஷ்டமில்லை. கேட்பதுதான். பஸ்ஸில் 'இறங்கணும்' என்று சொல்ல வெட்கப்பட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்து வருகிறவள் நான். பேரையும் வயதையும் எப்படியோ கேட்டுவிடுவேன். தொந்தரவு என்ன என்று கேட்க நாக்கு வராது. ஆண்கள் கேட்காமலே சொல்லிவிடுவார்கள். பெண்கள் நான் முகத்தைப் பார்த்தாலே "காய்ச்சல்னு போடுத்தா" என்பார்கள். நானும் போட்டுவிடுவேன். நாலாம் நாள் டாக்டர் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு என்னை உள்ளே கூப்பிட்டார். கல்யாணத்துக்கு அப்புறம் என் காரியமாக நான் வீட்டைவிட்டு வெளியே வந்தது இந்த வேலைக்குத்தான். என்னைப் பேர் சொல்லி ஆள் கூப்பிடுகிற இடமும் இதுதான். வீட்டில் நான் வெறும் 'இங்கேரு'. இது போய்விடக் கூடாதே என்று நின்றேன். டாக்டர் கோபமாகப் பேசவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலாம்.

"எழுத்து நல்லாருக்குத்தா. ஆனா உன் நோட்டுப்படி இந்த ஊருப் பொம்பளைக அத்தனை பேருக்கும் காய்ச்சல், அதுவும் ஒரே காய்ச்சல். ஒரு மாசம் பாப்பம், வாயைத் திறந்து கேக்க வரலைன்னா நான் வேற ஆளு பாக்கணும்."

மூன்று தும்மல்

சளி பிடிப்பதில் ஆண் பெண் வித்தியாசம் ஒன்றும் பெரிதாக இல்லை என்று டாக்டர் சொல்வார். எனக்குத் தெரிந்த வித்தியாசம், டாக்டரிடம் வருகிற நாளில் இருக்கிறது. ஆண் தும்மின அன்றைக்கே வந்துவிடுகிறார். பெண் ஆறாம் நாள் வருகிறாள், அதுவும் ரேஷன் கடைக்குப் போகிற வழியில்.

சின்னமனூர்ப் பக்கம் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் ஒரு அண்ணன் வந்தார். மாமனார் வீடு இங்கே என்பதால் வைத்தியமும் இங்கேதான். பங்குனி வெயிலில் தலையைச் சுற்றி மப்ளர். பின்னால் அவர் வீட்டம்மா ஒரு கையில் வெந்நீர்ப் பிளாஸ்க்கும், இன்னொரு கையில் அவருடைய சால்வையுமாக வந்தார். "நேத்து சாயங்காலம் மூணு தும்மல். படுக்கையில ஒண்ணு. விடியக்காலம் ரெண்டு" என்றார் அண்ணன், சொத்தைப் பிரித்து எழுதச் சொல்கிற குரலில். "ரெண்டு இல்லைங்க, மூணு" என்று திருத்தினார் வீட்டம்மா. திருத்தி முடிப்பதற்குள் அந்த அக்காவுக்கு இருமல் வந்துவிட்டது. அடி நெஞ்சிலிருந்து வருகிற இருமல். காலண்டர் பக்கம் ஆறு பேர் திரும்பினார்கள்.

எனக்கே ஆச்சரியமாக, "உங்களுக்கும் ஒரு சீட்டுப் போடவாக்கா?" என்று கேட்டுவிட்டேன். அந்த வேலையில் நானாகக் கேட்ட முதல் கேள்வி அதுதான். வேண்டாமென்று தலையாட்டினார். நல்ல வேளையாக உள்ளே டாக்டர் காதிலும் இருமல் விழுந்துவிட்டது. அண்ணனுக்கு ஆவி பிடிக்கச் சொன்னார். அக்காவுக்கு நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்து, ஊசி போட்டு, ஐந்து நாள் மாத்திரையும் எழுதினார். வெளியே வரும்போது அண்ணன் மப்ளரை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டார். அக்கா ஊசி போட்ட இடத்தைத் தேய்த்துக்கொண்டே என்னிடம் குனிந்தார்.

"நமக்கென்னத்தா, இவுக எந்திரிச்சு நடமாடிட்டாகன்னா நமக்குத் தன்னால சரியாப் போகும்."

யார் கொடுத்தது

ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பக்கத்தில் என் நோட்டு மூக்கு, காது, கண் என்ற மூன்றுக்குள்ளேயே ஓடும். பிள்ளைகள் நோயைத் தனியாக வைத்துக்கொள்வதில்லை, பால்வாடியில் பகிர்ந்துதான் சாப்பிடுகின்றன. கோடை மழை பிடித்த ஒரு வாரத்தில் ஒரே தெருவிலிருந்து நான்கு அம்மாக்கள், நான்கு பிள்ளைகள், எட்டுக் கண்ணும் செவேலென்று. "எம்பிள்ளை யாருக்கும் குடுக்கலை, வாங்கிட்டுத்தான் வந்தான்" என்றார் ஒருவர். "எங்க வீட்டுல திங்கக்கிழமை வரைக்கும் கண்ணு நல்லாத்தான இருந்துச்சு" என்றார் இன்னொருவர். யார் முதலில் என்று விசாரணை நடந்தது. திங்கட்கிழமை ஒரு பிள்ளை கண்ணைக் கசக்கிக்கொண்டே இருந்தது என்று மூன்றாவது அம்மா துப்புக் கொடுத்தார். சிவப்புக் கவுன் போட்ட பிள்ளையாம்.

நான் சீட்டிலிருந்து தலையை எடுக்கவில்லை. என் மகள் யாழினிக்கு ஒரு சிவப்புக் கவுன் உண்டு. ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு லேசாகக் கண் சிவந்திருந்தது. தூசியாக இருக்கும் என்று தண்ணீரில் கழுவி, மறுநாள் பால்வாடியில் விட்டுவிட்டு வேலைக்கு வந்திருந்தேன். டாக்டர் வாசலில் வேலை பார்க்கிறவளே இப்படி. அந்த நேரம் பார்த்து, பால்வாடி ஆயா யாழினியைக் கையில் பிடித்துக்கொண்டு, "இந்தா, ஒங்க மகளுக்கும் பீளை கட்டிருக்கு" என்று உள்ளே வந்தார். அவள் ஓடிவந்து என் மடியில் முகத்தைத் தேய்த்தாள். நான்கு அம்மாக்களும் அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். கடைசியில் இருந்தவர்தான் மெதுவாகச் சொன்னார்.

"இம்புட்டு நேரமும் குனிஞ்ச தலை நிமிராம எழுதுனப்பவே நெனச்சேன்."

ரெண்டு எழுத்து

வயதை மறைப்பது பெண்கள்தான் என்று நினைத்திருந்தேன். கெங்குவார்பட்டியிலிருந்து வந்த ஒரு பெரியவர் அதை மாற்றினார். மாந்தோப்பு வைத்திருப்பவர், வெள்ளை மீசை. "அறுபதுன்னு போடு தாயி" என்றார். கூட வந்த மகன், "அப்பா, எனக்கே அம்பத்திரண்டு" என்றார். பெரியவர் அவரைத் திரும்பியே பார்க்கவில்லை. நான் வயது இருக்கிற கட்டத்தை வெற்றாக விட்டுத் தொந்தரவை எழுதினேன்: அக்கி.

சட்டையைக் கழற்றினால் முதுகிலிருந்து விலா வரைக்கும் ஒரு சிங்கம். அக்கி வந்தால் காவியைக் குழைத்து, கொப்புளத்தின் மேலே சிங்கம் எழுதுகிற ஆட்கள் எங்கள் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். சிங்கத்தைப் பார்த்து அக்கி ஓடிவிடுமாம். எழுதினவர் நல்ல கைகாரர்; பிடரி மயிர்கூடத் தனித்தனியாக இருந்தது. "இதைத் தொடைச்சாத்தான கொப்புளம் தெரியும்" என்றார் டாக்டர். பஞ்சை நனைத்துக்கொண்டு வந்த செல்வி அக்காவைப் பெரியவர் கிட்டே விடவில்லை. சின்ன வயதில் அம்மை போட்டவர்களுக்கு வயசான காலத்தில் அதே கிருமி இப்படித் திரும்பவும் தலையெடுக்கும், அறுபது எழுபது தாண்டினவர்களுக்குத்தான் அதிகம், எரிச்சல் மாசக்கணக்கில் நின்றுவிடாமல் இருக்கத்தான் மாத்திரை என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். பெரியவர் யோசித்தார். வாலை மட்டும் துடைத்துக்கொள்ள அனுமதி கொடுத்தார்.

"தலையில கை வைக்காதீக. அவரு எழுதினது எழுதினபடி இருக்கட்டும், நீங்களும் ஒங்க சீட்டுல எழுதுங்க, ரெண்டு எழுத்துல எதுக்குப் பயப்படுதுன்னு பாத்துருவோம்."

பெரிய புஜம், சின்னக் குரல்

இருபதிலிருந்து முப்பது வயது வரைக்கும் உள்ள ஆண்கள் பக்கம் நோட்டில் வெறுமையாகத்தான் இருந்தது. அந்த வயதில் அவர்களுக்கு நோயே வராது போல என்று நினைத்தேன். அப்புறம்தான் ஜிம் நடத்துகிற ஒரு தம்பி வந்தார். வாசலில் ஒருச்சாய்ந்து நுழைகிற அளவுக்குத் தோள். குரல் மட்டும் எறும்புக் குரல். பேர் சொன்னார், வயது சொன்னார். தொந்தரவு என்று வந்ததும் பெஞ்சைத் திரும்பிப் பார்த்துவிட்டு, செல்போனில் என்னவோ தட்டி என் பக்கம் திருப்பினார். 'படர்தாமரை. தொடையில்' என்று இருந்தது. நான் அதைவிடக் குனிந்துகொண்டேன். அடுத்த அரை மணி நேரத்தில் இன்னும் ஐந்து பேர், எல்லோருக்கும் பெரிய புஜம், எல்லோரும் செல்போனைக் காட்டினார்கள். ஒரே துண்டு, வேர்வையோடு ஊறின இறுக்கமான கால்சட்டை, மருந்துக்கடையில் கேட்டு வாங்கின ஏதோ களிம்பு. ஒருவருக்கொருவர் தெரியாதவர்கள் மாதிரி பெஞ்சில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள். செல்வி அக்கா வெளியே வந்து சீட்டைப் பிரிப்பதற்குள் முதல் தம்பி ஓடிவந்து என்னிடம் கெஞ்சினார்.

"அக்கா, அந்தம்மா மைக் போட்டுச் சொல்லிருவாக, தயவு செஞ்சு 'உடற்பயிற்சி சம்பந்தமா'ன்னு மட்டும் போட்டுக்கங்க."

ஆம்பளை நீர்க்கடுப்பு

மூன்று வாரம் முடிந்த சமயத்தில் டாக்டர் நோட்டை எடுத்துப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். நீர்க்கடுப்பு என்பது பெண்களுக்குத்தான் அதிகமாக வரும், நடுத்தர வயது ஆண்களுக்கு எப்போதாவதுதான் வரும் என்று அவருடைய புத்தகமெல்லாம் சொல்லுமாம். என் நோட்டில் தலைகீழாக இருந்தது. பெண்கள் பக்கத்தில் ஒன்றுகூட இல்லை. ஆண்கள் பக்கத்தில் ஆறு பேர், முப்பத்தைந்திலிருந்து ஐம்பது வயதுக்குள். "இந்தப் பள்ளத்தாக்குல ஆம்பளைகளுக்கு மட்டும் என்னமோ ஆகுது" என்று டாக்டர் எல்லோரையும் சிறுநீர் சோதனைக்கு அனுப்பினார். அத்தனை பேருக்கும் சுத்தமாக இருந்தது. அதனால் மாத்திரை எழுதவில்லை, தண்ணீர் குடிக்கச் சொல்லி அனுப்பிவிட்டார்.

அந்த ஆறு பேரில் ஒருவர் தங்கராசு அண்ணன். போடி ரோட்டுக்காரர், செங்கல் லாரி ஓட்டுகிறார். "எத்தனை நாளா எரியுது?" என்று டாக்டர் கேட்டிருக்கிறார். "ஒரு நிமிசம் சார்" என்று எழுந்து வெளியே போனவர், வாசலில் நின்ற ஆட்டோவுக்குள் தலையை விட்டு ஏதோ கேட்டார். திரும்பி உள்ளே போய், "நாலு நாளா சார்" என்றார். "குளிர் இருக்கா?" மறுபடி எழுந்தார். டாக்டருக்கு ஆட்டோ தெரியாது. என் நாற்காலியிலிருந்து நன்றாகத் தெரியும். உள்ளே முக்காட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது அவர் வீட்டம்மா பாண்டியம்மா. ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர். விடிவதற்குள் மலைக்கு ஜீப் ஏறினால் இருட்டும்போதுதான் இறக்கிவிடுவார்கள். ஒதுங்க இடமில்லை என்று பகல் முழுக்க ஒரு வாய் தண்ணீர் குடிக்காத கூட்டம் அது.

எனக்கு எப்படி உடனே புரிந்தது என்றால், போன வருஷம் நானும் எங்கள் வீட்டுக்காரரை இதே டாக்டரிடம் இப்படித்தான் அனுப்பினேன். செல்வி அக்கா என் பேரையும் நோவையும் சேர்த்துக் கூப்பிடுவதை நினைத்தே எனக்குப் பாதிக் காய்ச்சல் வந்துவிட்டது. மூன்று தும்மலுக்கு மப்ளர் கட்டுகிற இதே ஆண்கள்தான், பெண்டாட்டி கேட்டுக்கொண்டாள் என்று தங்களுக்கு இல்லாத நோவைப் பெஞ்சு முழுக்கக் கேட்கச் சொல்லிக்கொண்டு உள்ளே போகிறார்கள். எங்கள் வீட்டுக்காரரும் சோதனைக்குக் கொடுத்து, சுத்தம் என்று காகிதம் வாங்கி வந்தார். நான் மல்லித் தண்ணீர் குடித்து எப்படியோ தேறினேன். இதை நான் டாக்டரிடம் சொல்ல வேண்டும். சொன்னால் என் கதையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அன்றைக்கு வாயைத் திறக்காமல் நோட்டில் 'தங்கராசு, ஆண், 45, நீர்க்கடுப்பு' என்று முத்து முத்தாக எழுதி வைத்தேன். அண்ணன் சோதனைக் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே ஆட்டோவைப் பார்த்துச் சொன்னது காதில் விழுந்தது.

"எனக்கு ஒண்ணுமில்லையாம். ஒனக்குத்தான் என்னன்னு தெரியலை."

ஆட்டோவில் இருந்தவர்

ஐந்து நாள் கழித்து அதே ஆட்டோ வந்து நின்றது. எனக்குக் கொடுத்த மாதத்தில் இருபத்தெட்டாம் நாள் அது. தங்கராசு அண்ணன் மட்டும் இறங்கி வந்தார். முகத்தில் ரத்தமில்லை. "என் பேருலயே போடுத்தா. போன தடவை சொன்னதுதான். கொஞ்சம் கூடிருச்சுன்னு போடு" என்றார். கை பேனாவைப் பிடித்துவிட்டது. எழுத வரவில்லை. எழுந்து, பெஞ்சைத் தாண்டி, வாசலுக்குப் போய்விட்டேன். நாற்காலியை விட்டு நான் எழுந்து போனதே இல்லை என்பதால் பெஞ்சு மொத்தமும் என்னைத்தான் பார்த்தது.

பாண்டியம்மா அக்கா போர்வைக்குள் உதறிக்கொண்டிருந்தார். இடுப்புக்கு மேலே விலாப் பக்கம் கையை அழுத்திப் பிடித்திருந்தார். தொட்டால் கை சுட்டது. "என்ன செய்யுதுக்கா?" என்றேன். "காய்ச்சல்னு போடுத்தா" என்றார். "அது இல்லைக்கா. ஒண்ணுக்குப் போகையில எரியுதா? முதுகு வலிக்குதா? வாந்தி வந்துச்சா?" என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டேன். அவர் ஆட்டோக்காரரைப் பார்த்தார். ஆட்டோக்காரர் தானாக இறங்கி டீக்கடைப் பக்கம் போய்விட்டார். "எனக்கும் வந்துருக்குக்கா. நானும் எங்க வீட்டுக்காரரைத்தான் அனுப்புனேன்" என்று சொன்ன பிறகுதான் அக்கா தலையை ஆட்டினார். ஒன்பது நாளாம். இரண்டு நாளாகச் சோறு தங்கவில்லையாம்.

சீட்டே இல்லாமல் டாக்டர் ரூமுக்குள் போனேன். "ஐயா, அது அவுகளுக்கு இல்லை, அவுக வீட்டம்மாவுக்கு. வெளிய கெடக்காக, குளிர் உதறுது. அந்த ஆறு பேரும் அப்படித்தான்யா இருக்கும். பேரைச் சொல்லிக் கூப்புடுவாகன்னு வெக்கப்பட்டு ஆம்பளைகளை அனுப்புறாக. எங்க வீட்டுக்காரரும் போன வருசம் அப்படித்தான் வந்தாக." ஒரே மூச்சில் சொன்னேன், நடுவில் நிறுத்தினால் திரும்ப வராது. டாக்டர் எழுந்து அவரே ஆட்டோவுக்குப் போனார். செல்வி அக்காவும் நானும் பாண்டியம்மா அக்காவைக் கைத்தாங்கலாகக் கட்டுப்போடுகிற ரூம் வழியாக உள்ளே கொண்டுபோனோம், பெஞ்சுப் பக்கமே காட்டாமல். கிருமி சிறுநீரகம் வரைக்கும் ஏறியிருக்கிறது, இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் நிலைமை மோசம் என்று டாக்டர் சொன்னார். முதல் ஊசியைப் போட்டு, கடிதம் கொடுத்து, பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார். தங்கராசு அண்ணன் "நான்தான சொல்லிருக்கணும்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே ஏறினார். ஆட்டோ போன பிறகு டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்து நோட்டைத் திருப்பினார். ஆறு பேருடைய பேரையும் விரலால் தொட்டுக்கொண்டே போனார். கடைசிப் பேரில் விரலை வைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"அப்ப போன வருசம் உன் வீட்டுக்காரனை ஒரு நாளைக்கு மூணு லிட்டர் தண்ணி குடிக்கச் சொன்னேனே, அதை யாரு குடிச்சது?"

புதுக் கட்டம்

மறுநாளிலிருந்து சில வழக்கம் மாறியது. செல்வி அக்கா பேரையும் நோவையும் சேர்த்துக் கூப்பிடுவதில்லை, நம்பர் மட்டும்தான். அக்காவுக்கு அதில் வருத்தம். "இருபத்தஞ்சுன்னு கூப்புட்டா வந்து நிக்கிறது யாருன்னே தெரியலை, ரசமே இல்லை" என்கிறார். என் நாற்காலி காலண்டருக்குக் கீழேயிருந்து கட்டுப்போடுகிற ரூம் கதவோரத்துக்குப் போய்விட்டது. ஒரு ஸ்கிரீன் துணியும் தொங்குகிறது. நோட்டில் டாக்டர் கையாலேயே ஒரு புதுக் கட்டம் கோடு போட்டார். 'வந்தவர்' என்று ஒன்று இருந்த இடத்தில் 'வந்தவர்', 'நோவு யாருக்கு' என்று இரண்டு. மீதி ஐந்து அண்ணன்மாருக்கும் நான் போன் போட்டேன். "அண்ணே, ஒங்களுக்கு ஒண்ணுமில்லைன்னு தெரியும், மதினியைக் கூட்டிட்டு வாங்க" என்றேன். நான்கு பேர் கூட்டி வந்தார்கள். ஐந்தாமவர் உண்மையாகவே தனக்குத்தான் என்று சண்டைக்கு வந்துவிட்டார். பார்த்தால் அவருக்குக் கல்லடைப்பு.

இப்போது பெண்கள் பக்கம் நிறைகிறது. ஜீப்பில் போகிறவர்களுக்கும் மில்லில் ஷிப்ட்டு பார்க்கிறவர்களுக்கும் நீர்க்கடுப்பு, புதிதாகக் கல்யாணம் ஆனவர்களுக்கும் அதுதான், தண்ணீரிலேயே நிற்கிறவர்களுக்குக் கால் விரல் இடுக்கில் சேற்றுப்புண். காய்ச்சல் என்று எழுதினால் அது காய்ச்சலாகவே இருக்கிறது. பாண்டியம்மா அக்கா ஆஸ்பத்திரிக்குப் போன நான்காவது வாரம் தானாக நடந்து வந்தார். தோட்டத்துக் கங்காணியிடம் எல்லோருமாகப் போய் நின்று, ஒதுங்குவதற்கு ஒரு தகர மறைப்பு அடிக்க வைத்துவிட்டார்களாம், மேலே கூரை இன்னும் வரவில்லையாம். நான் பேனாவை எடுத்ததும், கேட்பதற்கு முன்னாலேயே அவரே சொன்னார்.

"எம் பேரையே போடுத்தா. பாண்டியம்மா, வயசு முப்பத்தெட்டு. அவருக்கு ஒண்ணுமில்லை பாவம், வெளிய சும்மா நிக்கிறாரு."

முப்பதாம் நாள்

ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். மாதம் முடிந்த அன்றைக்கு டாக்டர் ஒன்றும் பேசவில்லை. காலையிலும் பேசவில்லை, மத்தியானமும் பேசவில்லை. மறந்துவிட்டாரா, அல்லது செல்வி அக்கா மூலமாகச் சொல்லி அனுப்பப் போகிறாரா என்று எனக்கு வேலையே ஓடவில்லை. கடைசிச் சீட்டு உள்ளே போய் வந்ததும் கதவுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அது கயிறாகிவிட்டது. "ஐயா, இன்னியோட ஒரு மாசம் முடியுது. நான் நாளைக்கு வரவா, வேண்டாமா?" என்று கேட்டேன். டாக்டர் கையைக் கழுவிக்கொண்டே திரும்பாமல் பதில் சொன்னார்.

"வாயைத் திறந்து கேக்க வரலைன்னாத்தான் வேற ஆளு பாக்கணும்னு சொன்னேன், இப்ப நீயே வந்து கேட்டுட்டயே."

இனிமேல் டாக்டரே நினைத்தாலும் என்னை அனுப்புவது கஷ்டம்தான். இந்த ஊர் நோயில் பாதி அவரிடம் போய்விட்டது, மீதிப் பாதி உள்ளே போகலாமா வேண்டாமா என்று என் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று யோசித்துக்கொண்டிருக்கிறது.